மழைமானி

காலை ஆறரைக்குத்
துரை தாமே இறங்கி வருவார்.
இரவுச் சட்டைக்கு மேல் கம்பளிக் கோட்டு,
காலில் ஒன்றுமில்லை.
நாளில் அந்த ஒரு பொழுதுதான்
அவர் பாதத்தை மண் அறியும்.
புல்லில் நட்ட செப்புக் குழாயைத் தூக்கி
கண்ணாடி அளவையில் சாய்த்து
கண்மட்டத்துக்குப் பிடிப்பார்.
"ஒன்று புள்ளி நான்கு இரண்டு, ஆரன்."
நான் எழுதுவேன்.

என் பெயர் ஏரம்பமூர்த்தி.
வட்டுக்கோட்டையில் படிப்பு,
பதுளைக் கச்சேரியில் மொழிபெயர்ப்பு.
முதல் நாள் பெயரைக் கேட்டவர்
பாதியில் இறங்கிக்கொண்டார்,
வண்டி போகுமிடம் தெரிந்தவர்போல.
ஆரனாகவே பதினோரு வருஷம் சம்பளம் வாங்கினேன்.

அவர் பெயரோ நீளம்:
மாண்புமிகு லயனல் ஜார்விஸ் ஹார்க்கோம்ப்.
எங்கோ ஒரு பிரபுவின் மூன்றாம் பிள்ளை.
மூத்தவருக்கு நிலம்,
அடுத்தவருக்குப் பட்டாளம்,
மூன்றாமவருக்கு நாங்கள்.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.
வாந்திபேதி கண்ட லயத்துக்குள்
குனிந்து நுழைந்த வெள்ளைக்காரர்
நான் அறிய அவர் ஒருவர்தான்.
பியானோவைப் பதினாறு பேர்
தோளில் மலையேற்றி வந்தபோது
ஆளுக்கு ஐம்பது சதம் கூடக் கொடுத்தார்.
ஈரத்தில் அது ஊதிப்போயிற்று.
ஆனாலும் இரவில் வாசிப்பார்,
ஊமையான கட்டைகளைத் தாண்டித் தாண்டி.
அந்தப் பாட்டே அப்படித்தான் என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.

கோப்பி இலையின் அடியில்
செம்மஞ்சள் தூசு படிந்த காலம்.
தோட்டங்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன.
கச்சேரி வாசலில் ஒருத்தி வந்து நின்றாள்,
வெள்ளச்சி.
தோட்டத்தின் பெயர் தெரியவில்லை,
"பெரிய பாறைக்கு இந்தப் பக்கம்" என்றாள்.
ஏழு மாசச் சம்பளம் வரவில்லை என்றாள்.
புருஷன் மாத்தளைப் பாதையில் விழுந்ததை,
கங்காணி நிற்கவிடாமல் நடத்தியதை,
ஊற்றிய தண்ணீர்
உள்ளே இறங்காமல் வாயிலேயே நின்றதை,
மூட இலை பறிக்கப் போனவள் திரும்பியபோது
எந்த மரத்தடி என்று தெரியாமல் போனதை,
செத்தவன் வாங்கின முன்பணம்
இவள் கணக்கில் ஏறியதை
கால்மணி நேரம் சொன்னாள்.

துரை பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.
வெளியே இன்னும் முப்பது பேர்.
"சம்பள பாக்கி கேட்கிறாள், ஐயா."
"இவ்வளவும் அதுதானா?"
"அதுதான்."

என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்.
அந்த வாய்த்தண்ணீருக்கு அதில் இடமிருந்தது.
எனக்குத்தான் பசி நேரம்.

தை மாதத் தபாலில் கறுப்புக் கரையிட்ட உறை.
மூத்தவர் குதிரையிலிருந்து விழுந்தாராம்.
நடுவிலவரை முன்பே
ஆப்கான் கணவாய் தின்றிருந்தது.
இனி எங்கள் துரைதான் பிரபு.
பிரபுவுக்குச் சொந்தப் பெயர் எழுதலாகாதாம்,
பட்டத்து ஊர்ப்பெயர் மட்டும் போதும்: டன்ஸ்லோ.

அன்று மாலை ஒற்றுத்தாளில்
எழுதி எழுதிப் பழகினார்.
தாள் தீர்ந்ததும் கைக்கு எட்டியது
வழியில் இறந்த கூலிகளின் காலாண்டுக் கணக்கு.
ஆண் முப்பத்தொன்று.
பெண் பன்னிரண்டு.
பிள்ளைகள் எண்ணப்படவில்லை.
பெயர்க் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமை,
அதில்
டன்ஸ்லோ
டன்ஸ்லோ
டன்ஸ்லோ.

ஒன்பதாவதில் பேனா நின்றது.
மேலே தலைப்பை வாசித்தார்.
காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.
"வேறு பிரதி எடுத்துவிடு, ஆரன்."
எடுத்தேன்.
பெயர்க் கட்டத்தைப் பழையபடி
வெறுமையாகவே விட்டேன்.

அவர் புறப்பட்ட இரவு
நமுனுகுல மலையே கரைவதுபோல் மழை.
விடிந்ததும் பழக்கத்தில் போய் நின்றேன்.
குழாய் வாய்வரை நிறைந்து
வழியாமல் நின்றது தண்ணீர்.
சாய்க்கத் தூக்கினேன்,
கை வரவில்லை.

அன்றைய வரியில் அளவில்லை.
அதற்காகப் புதிய துரை
என் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்தார்.